எத்தனை பாட்டு, எத்தனை உலகம்!

ஆகஸ்ட் 15 அன்று புதுச்சேரியின் நெல்லித்தோப்பில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? ஆடியின் கடைசி நாட்கள் அவை. விடியும் முன்பே அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கரில் எல்.ஆர்.ஈஸ்வரி தாயை அழைக்கத் தொடங்கிவிடுவார். விண்ணேற்பு அன்னை ஆலயத்தில் அன்றைக்குப் பெருவிழா. தேர்பவனிக்கு பேண்டு வாத்தியம் முழங்கும். இடையே கொடியேற்றத்துக்கு தேசபக்திப் பாட்டு. இத்தனையும் ஒரே நாளில் கேட்டு வளர்ந்தவன் நான். பாட்டின் மேல் எனக்குப் பித்துப் பிடிக்காமல் இருக்குமா?

அந்த ஈஸ்வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். கூழ் வார்க்கும் நேரத்தில் மெய்சிலிர்க்க வைக்கும் அதே குரல்தான், 'சிவந்த மண்' (1969) படத்தில் சவுக்கு சுழலும் ஓசைக்கு நடுவே பாடி நம்மைப் பதறவைத்தது. ஒரே தொண்டையில் இரண்டு உலகம்!

விஸ்வநாதன் - ராமமூர்த்தியின் 1964-ஐ நினைத்தாலே எனக்கு மலைப்பாக இருக்கும். 'கர்ணன்' படத்துக்கு வடநாட்டு ராகங்களின் கம்பீரம். 'காதலிக்க நேரமில்லை'க்கு கிடாரும் துள்ளலும். 'புதிய பறவை'க்குப் பெரும் வாத்தியக் கூட்டம். 'கலைக்கோயில்' படத்துக்கு சுத்தமான கர்நாடக இசை. நான்கும் ஒரே ஆண்டில், ஒரே இரட்டையரிடமிருந்து!

எங்கள் காலம் கேசட் காலம். பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதி, பதிவு செய்து தரும் கடையில் கொடுத்துவிட்டுக் காத்திருப்போம். 60 நிமிட கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டுதான் கொள்ளும் என்பதால், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தூக்கமே வராது. 1976-இல் 'அன்னக்கிளி'யோடு கிராமத்தை அழைத்துவந்த இளையராஜா, 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்தில் கணினி இசையைத் தந்தார். அதே ஆண்டில் தியாகராஜரையும் மேற்கத்திய இசைமேதை பாக்கையும் ஒரு தட்டில் அமரவைத்து 'ஹவ் டு நேம் இட்' வெளியிட்டார். பிறகு ரஹ்மான்! 1993-இல் ஒரு கையில் 'கிழக்குச் சீமையிலே'யின் மண்வாசனை. மறு கையில் 'திருடா திருடா'வுக்காக வாத்தியமே இல்லாமல் குரல்களால் மட்டுமே கட்டிய பாட்டு. அதைக் கேட்ட அன்று எத்தனை முறை ரீவைண்டு செய்தேன் என்று கணக்கே இல்லை.

"இப்ப வர்றதெல்லாம் ஒரே இரைச்சல்" என்று என் வயதுக்காரர்கள் சொல்லும்போது மனசு வலிக்கிறது. ஒரே படத்துக்குள் முன்பிருந்த அகலம் சுருங்கியிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2021-இல் என் மகள், "அப்பா, இதக் கேளுங்க" என்று ஹெட்போனை மாட்டிவிட்டாளே, பாடகர்கள் தீயும் அறிவும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி'! பாடகர் அறிவின் பாட்டி தேயிலைத் தோட்டத்தில் உழைத்த நினைவும், ஒப்பாரியின் சாயலும், ராப்பும் ஒன்றாகக் கலந்து வந்தபோது என் கண் நிறைந்துவிட்டது. சாவு வீடுகளில் இரவெல்லாம் ஒலித்த கானா, 2018-இல் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் மேடையில் ராக் கிடாரோடு நிமிர்ந்து நின்றது. அன்று ஒரு மேதை தெருவின் பாட்டை சினிமாவுக்கு அழைத்துவந்தார். இன்று தெருவே மைக்கைப் பிடித்துத் தன் பாட்டைத் தானே பாடுகிறது. வகை குறையவில்லை, பல கைகளுக்குப் போயிருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்!

பிரான்சில் 1982-இல் தொடங்கிய இசைத் திருநாளை எங்கள் புதுச்சேரியும் ஜூன் 21-ஐ ஒட்டிக் கொண்டாடுகிறது. தெருவில் நின்று யாரும் பாடலாம், யாரும் கேட்கலாம் என்பதுதான் அதன் அடிப்படையே. ஜூனில் முடியாவிட்டால் ஆகஸ்ட் 15-க்கு வாருங்கள். நெல்லித்தோப்பு சிக்னலில் இறங்கி, தெருவுக்குள் நடந்து, அரை மணி நேரம் காதை மட்டும் திறந்து வையுங்கள். போதும்.