கேட்பதும் கேட்காமல் விடுவதும்: ரொனி பிளேயரின் நினைவுநூலை முன்வைத்து

ஆட்சியை விட்டிறங்கிய தலைவர்கள் எழுதும் நினைவுநூல்களை எமது சஞ்சிகைகள் பொதுவாகக் கண்டுகொள்வதில்லை. தம்மை நியாயப்படுத்த எழுதுகிறார்கள், அதில் படிக்க என்ன இருக்கிறது என்பது எம்மவர் எண்ணம். நியாயப்படுத்தல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் எதை வைத்துத் தன்னை நியாயப்படுத்துகிறார் என்பது கவனிக்கவேண்டிய விடயம். பிரித்தானியாவின் முன்னாள் பிரதமர் ரொனி பிளேயர் 2010 செப்ரெம்பரில் வெளியிட்ட 'ஒரு பயணம்' என்ற நூலை இந்த நோக்கத்தோடுதான் படித்தேன். சரிற்றிக் கடையொன்றில் ஒரு பவுணுக்குக் கிடைத்தது. றெஸ்ரோறன்ற் வேலை முடிந்துவரும் இரவு பஸ்ஸில் ஒரு மாதமாகப் படித்தேன்.

நூல் வெளிவந்தபோது டப்ளினில் அவரை நோக்கி முட்டையும் சப்பாத்தும் வீசப்பட்டன. லண்டனில் வாசகர்களுக்குக் கையெழுத்திட்டுக் கொடுக்கவிருந்த நிகழ்ச்சி கைவிடப்பட்டது. சிலர் கடைகளில் நூலைத் தூக்கிக் குற்றக்கதைகள் இருக்கும் அடுக்கில் வைத்துவிட்டுப் போனார்கள். வருமானம் முழுவதையும் முன்னாள் படையினருக்கான ரோயல் பிரிட்டிஷ் லீஜனுக்குக் கொடுத்தது கூடக் கோபத்தைத் தணிக்கவில்லை. வட அயர்லாந்து உடன்பாடு உட்பட அவரது பத்து வருட ஆட்சி முழுவதும் இந்நூலில் உண்டு. என்றாலும் வாசகர் புரட்டித் தேடுவது ஈராக் பற்றிய பக்கங்களைத்தான். மக்கள் வேண்டாமென்று சொல்லும்போது, அவர்களால் தெரிவுசெய்யப்பட்ட ஒருவர் அவர்களை யுத்தத்துக்குக் கொண்டுபோகலாமா என்ற கேள்வி அங்கேதான் இருக்கிறது.

2003 பெப்ரவரி 15 இல் லண்டன் தெருக்களில் இறங்கிய சனத்தைப் பொலிஸார் ஏழரை லட்சம் என்றார்கள். ஒழுங்குசெய்தவர்கள் இருபது லட்சம்வரை சொன்னார்கள். அன்று கிளாஸ்கோவில் கட்சி மாநாட்டில் பேசிய பிளேயர் ஒரு கணக்கைச் சொன்னார்: ஊர்வலத்தில் ஐந்து லட்சம் பேர் என்றாலும் சதாம் ஹுசைனால் கொல்லப்பட்டவர்களைவிடக் குறைவு; பத்து லட்சம் பேர் என்றாலும் சதாம் தொடங்கிய யுத்தங்களில் மாண்டவர்களைவிடக் குறைவு. மக்களின் விருப்பத்தை இழப்பது சிலவேளைகளில் தலைமைக்குக் கொடுக்கும் விலை என்றும் சொன்னார். அடுத்த மாதம் 18ஆம் திகதி பாராளுமன்றம் 412 க்கு 149 வாக்குகளால் யுத்தத்துக்குச் சம்மதித்தது. ஏழு வருடம் கழித்து எழுதிய நூலிலும் அதே நிலைப்பாடுதான். பின்னால் வந்த கொடுங்கனவைத் தான் எதிர்பார்க்கவில்லை என்கிறார். யுத்தத்துக்குப் போகும் முடிவுக்காக மட்டும் வருந்த முடியாது என்கிறார்.

இந்த வாதத்தைக் கைகழுவி விடமுடியாது. 1938 செப்ரெம்பரில் மியூனிக்கிலிருந்து திரும்பிய செம்பர்லேன் அரச மாளிகை உப்பரிகையில் மன்னரோடு நின்றபோது லண்டன் சனம் ஆரவாரித்தது. சனம் சமாதானத்தை விரும்பியது. அதற்கான விலையைச் செக்கோஸ்லவாக்கியா கொடுத்தது. 1914 ஆகஸ்டில் ஐரோப்பியத் தலைநகரங்களில் யுத்தத்தை வரவேற்றுக் கூடிய கூட்டங்களும் மக்கள்தான். சமாதானத்தை விரும்பியும் யுத்தத்தை விரும்பியும் மக்கள் பிழைவிட்டிருக்கிறார்கள். எனவே, மக்கள் சொல்வதைத் தலைவர் அப்படியே செய்யவேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லி இந்த நூலை மூடிவைப்பது சுலபமான விமர்சனம். அந்த விமர்சனத்துக்குப் பிளேயரிடம் பதில் உண்டு.

அவரிடம் பதில் இல்லாத இடம் வேறு. மக்களின் அபிப்பிராயத்தை மீறுவதுதான் தலைமை என்றால், அந்த அபிப்பிராயத்தை மாற்ற அவர் ஏன் அத்தனை பாடுபட்டார்? 2002 செப்ரெம்பர் 24 இல் அவரது அரசாங்கம் ஈராக்கின் ஆயுதங்கள் பற்றி ஓர் ஆவணக்கோவையை வெளியிட்டது. சில ஆயுதங்களை 45 நிமிடங்களில் பாவனைக்குத் தயார்ப்படுத்தலாம் என்று அதில் இருந்தது. சதாம் இரசாயன, உயிரியல் ஆயுதங்களைத் தொடர்ந்து உற்பத்திசெய்வது சந்தேகத்துக்கிடமின்றி நிரூபணமாகியிருப்பதாகப் பிளேயர் தானே முன்னுரையில் எழுதினார். அப்படியான ஆயுதங்கள் பிறகு கண்டுபிடிக்கப்படவில்லை. அதற்கும் முன்பே, 2002 ஜூலை 28 இல், என்ன வந்தாலும் உம்மோடு நிற்பேன் என்ற கருத்தில் ஜனாதிபதி புஷ்ஷுக்குக் குறிப்பு எழுதியிருந்தார். 2016 ஜூலை 6 இல் வெளிவந்த சில்கொட் அறிக்கையோடுதான் அக்குறிப்பு பகிரங்கமானது. அந்த அறிக்கை, சமாதான வழிகள் முடிவதற்கு முன்பே யுத்தத்துக்குப் போனார்கள் என்றும், ஆயுதங்கள் பற்றிய மதிப்பீடுகள் இருக்கக்கூடாத நிச்சயத்தோடு சொல்லப்பட்டன என்றும் முடிவுசெய்தது.

ஆக, பிளேயர் பொதுசன அபிப்பிராயத்தை மீறிய தலைவர் மட்டுமல்ல, அதை உண்டாக்க முயன்ற தலைவருமாவார். மக்கள் மறுத்தால் தன்னுடைய துணிவு; சம்மதித்தால் அவர்களுடைய சம்மதம். இரண்டு பக்கமும் தனக்கே வெற்றி என்று வைத்துக்கொண்டு ஆடுகிற ஆட்டம் இது. நூல் முழுவதிலும் அவர் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம், தான் உண்மையாகவே நம்பியது என்பது. நம்பியிருக்கலாம். ஆனால் ஒருவர் உண்மையாக நம்பினார் என்பது அவரது குணத்தைப் பற்றிய செய்தி. அவர் நம்பியது சரியா என்பதற்கு அது சாட்சியல்ல. பேச்சுநடையில் சுவாரசியமாகப் போகும் நூலில் இந்த இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

மக்களின் அபிப்பிராயம் வெறும் உணர்ச்சியென்று அவரது வாதம் எடுத்துக்கொள்வதும் உண்மைக்குப் புறம்பானது. யுத்தத்துக்கு முந்திய கருத்துக்கணிப்புகளில் பெரும்பான்மையோர் ஒரு நிபந்தனையைச் சொல்லியிருந்தார்கள்: ஐ.நா. சம்மதித்தால் சரி, சம்மதிக்காவிட்டால் வேண்டாம். சோதனையாளருக்கு இன்னும் அவகாசம் கொடு என்பதும் அதற்குள் அடக்கம். பதின்மூன்று வருடம் கழித்துச் சில்கொட் வந்து சேர்ந்த இடமும் அதற்குக் கிட்டத்தான். இதே மக்கள் படையெடுப்புத் தொடங்கியதும் ஆதரவுப் பக்கம் சாய்ந்தார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது. யூகவ் நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டுக் கணிப்புகளில் ஆதரவு சராசரி 54 வீதம். 2015 இல், அப்போது ஆதரித்ததாக நினைவுகூர்ந்தவர்கள் 37 வீதம் மட்டுமே. தலைவர்கள் மட்டுமல்ல, மக்களும் தங்கள் நினைவுநூலைத் திருத்தி எழுதுகிறார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. நான் வேலைசெய்யும் இடத்தில் கோப்பை கழுவுகிறவர் ஈராக்கிலிருந்து வந்த குர்திஷ்காரர். இந்தப் புத்தகத்தின் அட்டையைப் பார்த்ததும், நல்ல மனிதர் என்றார். 1988 மார்ச்சில் ஹலப்ஜாவில் நச்சுவாயுவால் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டபோது லண்டனில் எத்தனை பேர் ஊர்வலம் போனார்கள் என்று கேட்டார். பதில் சொல்வது கஷ்டம். அதேவேளை 2009 ஜூலைவரை குறைந்தது ஒன்றரை லட்சம் ஈராக்கியர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலானோர் பொதுமக்கள் என்பது சில்கொட் அறிக்கையின் கணக்கு. அவர்களின் வீட்டாரிடம் கேட்டால் வேறு பதில் வரும். பொதுசன அபிப்பிராயம் என்று நாம் சொல்வது எப்போதும் குண்டை அனுப்பும் நாட்டின் அபிப்பிராயம். குண்டு விழும் இடத்தில் எவரும் கணிப்பு எடுப்பதில்லை.

இந்த இடத்தில் எங்கள் தேசத்தை நினைக்காமல் இருக்கமுடியவில்லை. 'எங்கள் பெயரால் வேண்டாம்' என்ற லண்டன் சுலோகம், பெரும்பான்மை யுத்தத்தை வெறுக்கிறது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. பெரும்பான்மை யுத்தத்தை விரும்பினால்? 1994 நவம்பரில் சந்திரிகா சமாதானம் பேசி 62 வீத வாக்குகளோடு வந்தார். அடுத்த ஏப்ரலில் பேச்சு முறிந்ததும் அதற்குப் பெயர் சமாதானத்துக்கான யுத்தம் என்றாயிற்று. 2009 ஏப்ரல் 25 இல், முள்ளிவாய்க்காலில் சனம் பங்கருக்குள் கிடந்தபோது, மேல்மாகாண சபைத் தேர்தல் நடந்தது. ஆளுங்கட்சி பெருவெற்றி பெற்றது. 2010 ஜனாதிபதித் தேர்தலில் முன்னணியில் நின்ற இருவருமே யுத்தவெற்றிக்கு உரிமை கோரியவர்கள். மக்களின் விருப்பப்படி நடப்பதே தலைவரின் கடமையென்றால் அந்த யுத்தத்தில் ஒரு குறையும் சொல்லமுடியாது. எங்கள் பக்கத்திலோ கேட்கிற வழக்கமே இருக்கவில்லை. வன்னியில் வீட்டுக்கொரு பிள்ளை கேட்டவர்கள் பிள்ளையைத்தான் கேட்டார்கள், அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை.

ஆகவே மக்களின் சம்மதம் யுத்தத்துக்கு அவசியம், ஆனால் போதுமானதல்ல. சம்மதமில்லாமல் ஒரு நாட்டை யுத்தத்துக்கு இழுத்துப்போகத் தெரிவுசெய்யப்பட்டவருக்கு உரிமையில்லை, ஏனென்றால் சாகப்போவது அவரல்ல. சம்மதம் கிடைத்தாலும் அதன்பின் பார்க்கவேண்டியவை உண்டு: சொன்ன காரணம் உண்மையா, சட்டம் இடம் கொடுக்கிறதா, வாக்கில்லாத மறுபக்கத்துச் சனத்துக்கு என்ன நடக்கும். 2013 ஓகஸ்ட் 29 இல், சிரியாமீதான தாக்குதலுக்கு எதிராகப் பிரித்தானியப் பாராளுமன்றம் 285 க்கு 272 என்று வாக்களித்தபோது கமரூன் அதை ஏற்றுக்கொண்டார். ஈராக்கின் படிப்பினை அது. ஆனால் கூட்டாவில் நச்சுவாயுவில் செத்தவர்களுக்காக வேறென்ன செய்வது என்று பலரும் அதன்பின் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்வதோடு மக்களின் பொறுப்பும் முடிந்துவிடுவதில்லை.

'ஒரு பயணம்' படிக்கவேண்டிய நூல். ஒரு ஜனநாயக நாட்டுத் தலைவர், தன் நம்பிக்கையை எல்லோருக்குமான சான்றாக எப்படி மாற்றிக்கொள்கிறார் என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் வேறு நூலை நான் படித்ததில்லை. ஆனால் தனியே படிக்கக்கூடாது. சில்கொட் அறிக்கை பன்னிரண்டு தொகுதிகள். முழுவதையும் படிக்க எங்களில் யாருக்கும் நேரமிராது. அதன் பொழிப்பு ஒரு தனி நூலளவில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒரே மாதத்தைப் பற்றி ஒன்று என்ன சொல்கிறது, மற்றது என்ன சொல்கிறது என்று பார்த்துப் படிப்பது நல்லது.