திவோலி மேட்டில் ஒரு இரவு

புவேனா விஸ்டா சோஷியல் கிளப் ஆல்பத்தை முதலில் கேட்டது, பி.இ. முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில். அதன்பின் பதினைந்து வருஷத்துக்கு மேல் என் ஹெட்போனில் ஓடிக்கொண்டே இருந்தது. கியூபா இசை என்றாலே தாத்தாக்கள் பாடும் பழைய பாட்டு, தொலைந்துபோன காலத்தின் ஏக்கம். என் மனதில் இருந்த படம் இதுதான். 2018-இல் சாண்டியாகோ தே கியூபாவுக்குப் போனபோதும் அந்தப் படத்தோடுதான் போனேன். ஒரே ராத்திரியில் அது உடைந்தது. உடைந்த விதத்தில் எனக்கு ஒன்றும் பெருமை இல்லை. ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

ஏன் சாண்டியாகோ? ஆல்பம் பதிவானது 1996-இல், ஹவானாவில். ஆனால் அதில் பாடிய காம்பாய் செகுந்தோ, இப்ராஹிம் ஃபெரர், எலியாதெஸ் ஓச்சோவா மூன்று பேருமே இந்தக் கிழக்குப் பக்கத்து ஆட்கள். 'சோன்' என்ற இசைவகையே இங்கே பிறந்து பிறகு தலைநகரம் போனதுதான்.

இந்த ஊரில் பாட்டு கேட்க வேண்டும் என்றால் கைடு புத்தகங்கள் முதலில் அனுப்புவது எரேதியா தெருவில் இருக்கும் காசா தே லா த்ரோவாவுக்கு. போனேன். நன்றாகத்தான் வாசித்தார்கள். ஆனால் நான் போன அன்று அங்கே பாதிப்பேர் என்னை மாதிரி கேமராவோடு வந்தவர்கள். தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா சிரித்துவிட்டு, "பாத்ரே பிகோ படிக்கட்டில் ஏறி மேலே போங்க" என்றார். மேலே இருப்பது திவோலி பகுதி. 1791-இல் ஹைட்டியில் அடிமைகளின் கிளர்ச்சி தொடங்கியபின் தப்பிவந்த பிரெஞ்சு முதலாளிகளும், அவர்கள் கூட்டிவந்த அடிமைகளும் குடியேறிய மேடு அது. அங்கே ஒரு வீட்டில்தான் காசா தே லாஸ் திராதிசியோனெஸ் நடக்கிறது. சின்னக் கூடம், சுவரெல்லாம் படங்கள், ஒரு பார், ஒரு மூலையில் வாத்தியக்காரர்கள். மேடை என்று தனியாக எதுவும் கிடையாது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தெருக்காரர்கள்.

சோன் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அடிப்படை, கிளாவே எனப்படும் இரண்டு கட்டைகள். 16 துடிப்புக்குள் ஐந்து தட்டு, 3+3+4+2+4 என்ற இடைவெளியில். ஆதி தாளம் போட்டுப் பழகிய கைக்கு முதலில் தடுமாறும். ஏனென்றால் முதல் பாதியில் மூன்று தட்டு, அடுத்த பாதியில் இரண்டே தட்டு. அதன்மேல் மூன்று ஜோடிக் கம்பிகள் கொண்ட த்ரெஸ் கிட்டார், போங்கோ, மராக்கஸ், பேஸ். பாட்டுக்கு இரண்டு பாகம் உண்டு. முதலில் கதை சொல்லும் பகுதி. பிறகு மோந்துனோ. அதில் ஒரு சின்ன வரியைக் குழு திரும்பத் திரும்பப் பாடும், முதன்மைப் பாடகர் நடுநடுவே புதிதாக இட்டுக்கட்டுவார்.

இந்த மோந்துனோவைத்தான் நான் இத்தனை வருஷமும் சரியாகக் கேட்கவே இல்லை. அந்த வீட்டில் குழு வரியைப் பாடவில்லை, கூடம் பாடியது. ஆடுகிறவர்கள் விடாத வரை பாட்டும் முடியவில்லை. ஒரு பாட்டு பதினான்கு நிமிஷம் போனது, கடிகாரத்தைப் பார்த்தேன். பாடகர் வாசலில் நுழைந்தவரைப் பார்த்து ஏதோ இட்டுக்கட்ட, எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை. அது அந்தத் தெருவின் அன்றைய விஷயம்.

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். இடைவெளியில் 5 சியூசி நோட்டைக் கூடையில் போட்டு, 'சான் சான்' வாசிக்கச் சொன்னேன். அன்று அங்கே இரண்டு நாணயங்கள். வெளிநாட்டுக்காரர் கையில் இருந்த சியூசி ஒன்றுக்குச் சுமார் 24 பேசோ. அரசு வேலையின் சராசரி மாதச் சம்பளமே 30 சியூசி அளவுதான். அதாவது ஒருவருடைய மாதச் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கை ஒரு பாட்டுக்குப் போட்டிருக்கிறேன். மறுப்பார்களா?

உடனே வாசித்தார்கள், ஆல்பத்தில் இருப்பது மாதிரியே, கிட்டத்தட்ட அதே நாலு நிமிஷம். ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அதுவரை நிற்காமல் ஆடிய ஒரு பாட்டியம்மா விசிறியை எடுத்துக்கொண்டு ரம் வாங்கப் போனார். யாரும் கோபப்படவில்லை, அவர்களுக்கு இது பழக்கம். நான் ஒருத்தன் மட்டும் கைதட்டினேன்.

அறைக்குத் திரும்பிய பிறகுதான் ஒரு தேதி நினைவுக்கு வந்து உறைத்தது. 1907-இல் பிறந்த காம்பாய் செகுந்தோ 'சான் சான்' எழுதியது 1980-களில், எழுபதைத் தாண்டிய வயதில். நாம் 'பழைய கியூபா'வின் குரல் என்று கொண்டாடும் பாட்டு, மைக்கேல் ஜாக்சன் காலத்துப் பாட்டு! ஒரு கிழவர் அன்றைக்குப் புதிதாக எழுதியது. அதைப் பழசாக்கியது கேட்ட நாம்தான். 1999-இல் வந்த விம் வெண்டர்ஸின் படத்துக்கும் இதில் பங்கு உண்டு. இடிந்த சுவர்களையும் பழைய கார்களையும் பார்த்துக்கொண்டே கேட்டால் எந்தப் பாட்டும் இரங்கல் பாட்டாகத்தான் கேட்கும்.

ஆல்பத்தை நான் குறை சொல்லவில்லை, இன்றும் கேட்கிறேன். டிப்ஸும் தப்பில்லை, வாத்தியக்காரர்களுக்கும் அடுப்பு எரிய வேண்டும். என் புகார் கேட்பவர் மீது, அதாவது என்மீது. நூறு பேர் நூறு ராத்திரி அதே பாட்டைக் காசு கொடுத்துக் கேட்டால், குழு அதைத்தான் தயாராக வைத்திருக்கும். எரேதியா தெருவில் நான் பார்த்தது அதுதான். திவோலியில் அந்த இரவு நானே அதைக் கொஞ்சம் ஆரம்பித்து வைத்தேன்.

மறுநாளும் போனேன். வாசிக்க ஆரம்பிக்கும் முன்பே கூடையில் காசைப் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். எதுவும் கேட்கவில்லை. அன்று வாசித்த பாட்டுகளில் ஒன்றின் பெயர்கூட எனக்குத் தெரியாது. பாட்டியம்மா கடைசிவரை உட்காரவில்லை.