1815க்குப் பிந்திய இடிபாடுகள்

பழமை எந்த நாளோடு முடிகிறது? ஊவாவில் இவ்வினாவுக்குச் சட்டமே விடை கூறிவிடுகின்றது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், கண்டி உடன்படிக்கை ஒப்பமான 1815 மார்ச் 2ஆம் நாளுக்கு முன் எழுந்த கட்டடங்களையே இயல்பாகப் பண்டைச் சின்னங்களாகக் கொள்கிறது. பிந்தியவற்றுக்குத் தனி ஆணை வேண்டும். கோப்பித் தோட்டங்களும் அவற்றை நாடிக் கடல் கடந்து வந்த தமிழரும் அந்நாளுக்குப் பிந்தியவர்கள். எனவே போகொட மரப்பாலம் சின்னமாகும். பதுளைத் தோட்டமொன்றின் லயம், எத்துணைப் பழையதாயினும், தானாகச் சின்னமாகாது.

குறையைச் சட்டத்தின் மீது மட்டும் சுமத்துதல் முறையன்று. 1931இல் எழுந்த அப்புத்தளை அதிசாம் மாளிகையையும், 1890இல் லிப்டன் அமைத்த தம்பத்தனைத் தொழிற்சாலையையும், தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தையும் காணப் பயணிகள் வருகின்றனர். துரைமாரின் கல்லுக்கு வரலாறு உண்டு, கொழுந்தெடுத்தவரின் கல்லுக்கு இல்லை என்னும் எண்ணம், சொல்லப்படாமலே அங்கு நிலைபெறுகிறது. நம் ஆய்வாளரும் மலையகத்தின் பாட்டையும் கூத்தையும் தொகுத்த அளவுக்கு அதன் சுவர்களை நோக்கினாரல்லர்.

தோட்ட மக்களுக்கோ தமக்கேயான தொல்லியல் ஒன்று உண்டு. தொழிற்சாலை இயந்திரத்துக்குக் காவலாக ரோதைமுனியை வழிபட்டவர்கள் அவர்கள். மரத்தடியில் நட்ட கல்லும் சூலமும் அவர்களுக்குச் சமயச் சின்னங்கள் மட்டுமல்ல. முதன்முதற் காடழித்தவர் நின்ற இடத்தின் குறிகளுமாம். கிழக்காபிரிக்கக் கரையில், 1981இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்த கில்வா போன்ற சுவாகிலி நகரங்களின் இடிபாடுகள் ஆய்வாளருக்கு அகழ்விடங்கள்; அயலில் வாழ்வோரிற் பலருக்கோ நேர்த்தி செலுத்தும் இடங்கள். ஆவிக்குரிய இடத்தில் எவரும் கல்லைப் பெயர்க்கத் துணியார். அச்சமும் ஒருவகைப் பாதுகாப்பே. ஆயின் அதற்கு ஓர் எல்லை உண்டு: நினைப்பவர் போய்விட்டால் கல் ஊமையாகிவிடும். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கையின் பின் பெருந்தொகையினர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது, அவர்களோடு எத்தனை இடப்பெயர்கள் கப்பலேறின!

இங்கு ஒரு தடையை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். லயத்தைப் பேணுக என்று சொல்வதற்கு அதில் வாழாத நமக்கு என்ன உரிமை? ஒற்றைக் காம்பராவில் மூன்று தலைமுறைகள் புழுங்கியோர் அதனை இடித்துத் தனிவீடு கேட்கின்றனர். அவர்கள் கேட்பது நியாயம். 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மக்களோடு புதைத்தது. அபாயம் முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே விடப்பட்டிருந்தனர். அதனை அறிந்தபின் லயத்தின் 'அழகு' பற்றிப் பேசுவோர் வாய் கூசவேண்டும்.

மக்கள் வாழும் லயத்தைப் பேணுதல் வேறு. அவர்கள் நீங்கியபின் ஒன்றை நிறுத்திவைத்தல் வேறு. கம்பளைப் பக்கத்தில் பழைய லயமொன்று தொழிலாளர் அருங்காட்சியகமாக்கப்பட்டுள்ளது. ஊவாவிலும் அவ்வாறு ஒன்றைத் தெரிதல் அரிதன்று. அதற்கு முன், இடிக்கப்படவுள்ள ஒவ்வொரு லயத்தையும் அளந்து வரைந்து, எந்தக் காம்பராவில் எக்குடும்பம் இருந்தது, பெரட்டுக்களம் எங்கிருந்தது, மலைகளை மக்கள் எப்பெயரால் அழைத்தனர் என்பவற்றை அங்குள்ள முதியோரிடமே கேட்டெழுத வேண்டும். தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் வந்த மாணவர் இன்று நம்மிடையே உள்ளனர்; விடுமுறைக்கு அவர்கள் வீடு செல்லும்போதே இப்பணி தொடங்கலாம்.