ஜெஃப்ரி பாவாவின் வெப்பமண்டலக் கட்டடக்கலை: ஒரு மதிப்பீடு

ஜெஃப்ரி பாவா (1919–2003) இலங்கையின் கட்டடக் கலைஞர். தெற்காசியாவின் தனி வீடுகள், சிறு விடுதிகள் ஆகியவற்றின் இன்றைய வடிவத்தில் பெரும் செல்வாக்குச் செலுத்தியவர். 2001-ல் ஆகா கான் கட்டடக்கலை விருதுக் குழுவின் தலைவர் விருதைப் பெற்றார். அவரது பாணி தமிழகப் பண்ணை வீடுகளிலும் ஓய்வு விடுதிகளிலும் பின்பற்றப்படுகிறது. ஆனால் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளப்படுவது அவரது தோற்றமே, முறை அல்ல.

பின்னணி

வழக்கறிஞராக இருந்த பாவா 1948-ல் பெந்தோட்டை அருகே லுணுகங்கா தோட்டத்தை வாங்கினார். அதைச் சீரமைக்கும் ஆர்வமே அவரைக் கட்டடக்கலைக்கு இட்டுச் சென்றது. அவர் லண்டனில் பயின்ற 1950களில் வெப்பமண்டலக் கட்டடக்கலை அங்கே தனிப் பாடமாக உருவாகியிருந்தது. வெயிலையும் காற்றையும் கணக்கிட்டுக் கட்டுவது அதன் அடிப்படை. பாவா அத்துடன் முற்றம், தாழ்வாரம், நீண்ட இறவாரம், நாட்டு ஓடு ஆகிய உள்ளூர் மரபுகளை இணைத்தார்.

முக்கியப் படைப்புகள்

1960களின் தொடக்கத்தில் கொழும்பில் கட்டப்பட்ட ஏனா டி சில்வா வீடு தெருவுக்கு முதுகு காட்டி, நடு முற்றத்தை நோக்கித் திறந்தது. தமிழகத்தின் தொட்டிக்கட்டு வீட்டுக்கு இது நெருங்கிய உறவு. நெளி சிமெண்ட் தகட்டின் மேல் நாட்டு ஓட்டைப் பதிக்கும் முறையால் கனமழையிலும் ஒழுகாத கூரைகளை அவர் அமைத்தார்.

தம்புள்ளை அருகே 1990களில் எழுந்த கண்டலம விடுதி பாறையை ஒட்டி நீண்டு, செடிகொடிகளால் மூடப்பட்டது. இயற்கையோடு ஒன்றிய கட்டடம் என்று புகழப்படுகிறது. எனினும் அதன் எலும்புக்கூடு கான்கிரீட். திறந்திருப்பவை நடைவழிகளும் பொது இடங்களுமே, அறைகள் குளிரூட்டப்பட்டவை. கட்டும்போது சூழலியல், சமய அமைப்புகளின் எதிர்ப்பும் இருந்தது.

தமிழகத்தில் 1970களில் பாவா வடிவமைத்த மதுரை கிளப் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அங்கே அவர் கொழும்பை நகலெடுக்கவில்லை, உள்ளூர்க் கருங்கல்லை நாடினார்.

சமவெளியில் பாவா பாணி

கொழும்பில் ஆண்டு மழை சுமார் 2400 மி.மீ. காற்றில் ஈரம் மிகுதி, இரவும் பகலும் வெப்பத்தில் பெரிதாக வேறுபடுவதில்லை. அங்கே சுவரைத் திறந்து காற்றை ஓடவிடுவதே வழி. சேலத்தை ஒட்டிய அயோத்தியாப்பட்டணம் போன்ற ஊர்களில் மழை அதில் பாதிகூட இல்லை. சித்திரையில் பகல் வெப்பம் 38, 39 டிகிரியைத் தொடும், இரவில் இறங்கும். அங்கே பகலில் திறந்து கிடக்கும் கூடத்துக்குள் அனல் காற்றே வரும்.

அங்கு பொருந்துவது வேறு கணக்கு. தடித்த செங்கல் அல்லது மண் சுவர் பகல் வெப்பத்தைத் தாமதப்படுத்தும். சிறிய சன்னல்களைப் பகலில் மூடி, இரவில் திறந்து சுவரைக் குளிரவைக்க வேண்டும். நிழல் விழும் சிறு முற்றமும் திண்ணையும் இதற்குத் துணை. வறண்ட காற்றில் நீர் ஆவியாவதால் குளிர்ச்சி கிடைப்பது உண்மையே. ஆனால் அதற்கு முற்றத்தில் ஒரு தொட்டி போதும். வெயிலில் விரிந்த நீச்சல் குளத்தை ஆழ்துளைக் கிணற்றால் நிரப்புவது நிலத்தடி நீரை நம்பியிருக்கும் பக்கத்துத் தோப்புகளுக்கே இழப்பு. சுமார் 1500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டுக்கு இந்த இரண்டு கணக்குமே பொருந்தாது.

மதிப்பீடு

பாவாவின் கட்டடங்கள் வசதி படைத்தோருக்கும் சுற்றுலாப் பயணிகளுக்குமே பெரிதும் பயன்பட்டன. திறந்த தாழ்வாரங்களையும் தோட்டங்களையும் பேண வேலையாட்கள் பலர் வேண்டும். இக்குறைகளுக்கு அப்பாலும் நிற்பது அவரது முறை: முதலில் நிலத்தைப் பார்ப்பது, இருக்கும் மரத்தையும் பாறையையும் காப்பது, அருகில் கிடைக்கும் பொருளையும் கைவினைஞரையும் பயன்படுத்துவது. இம்முறையைச் சேலத்துச் சமவெளியில் நேர்மையாகக் கையாண்டால் கிடைக்கும் வீடு பாவாவின் வீட்டைப் போலத் தோன்றாது. அதுவே அவரைச் சரியாகப் புரிந்துகொண்டதற்கு அடையாளம்.