அலமாரியிலும் ஊர், சேரி

போன வருஷம் எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் புது மாணவர்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை. கணினியில் புத்தகம் தேடுவது எப்படி, இணையத்தில் ஆய்விதழ்களைத் திறப்பது எப்படி என்று காலை முழுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். குறை சொல்ல முடியாத பட்டறை. என் பக்கத்தில் எங்க ஊர்ப் பையன் ஒருத்தன், சேரியிலிருந்து முதல்முதலாய்ப் பல்கலைக்கழகம் வந்தவன். "அயோத்திதாசர்னு அடிச்சுப் பாருப்பா" என்றேன். வந்தது. எண் 305.

டூயி தசமப் பகுப்பு முறையில் 305 என்றால் சமூகக் குழுக்கள். சாதி, தீண்டாமை எல்லாம் அதற்குள்தான் வரும். பௌத்தத்துக்கு 294.3. தமிழ் இலக்கியத்துக்கு 894.811. ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வந்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' முதல் தொகுதி அரசியலும் சமூகமும். இரண்டாம் தொகுதி சமயமும் இலக்கியமும். இரண்டையும் சேர்த்து 305இல் போட்டுவிட்டார்கள். நேரில் போய்ப் பார்த்தால் அதே தட்டில் ஒரு கவிதைத் தொகுதி, இரண்டு சிறுகதைத் தொகுதி. உள்ளே என்ன இருக்கிறது என்று எவரும் பிரித்துப் பார்க்கவில்லை. எழுதியவன் யார் என்று பார்த்து எண் ஒட்டியிருக்கிறார்கள். சாதியை ஆராய்கிற நூல் 305இல் இருக்கட்டும், அதுதான் அதற்கு இடம். கவிதை அங்கே எதுக்கு?

இந்தச் சண்டையை வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு கறுப்பினப் பெண் போட்டு முடித்துவிட்டார். டொரத்தி போர்ட்டர், 1930இல் அங்கே பொறுப்புக்கு வந்தவர். அன்றைய நூலகங்களில் கறுப்பர் எழுதியது கவிதையானாலும் 325, இல்லாவிட்டால் 326. முன்னது குடியேற்றம், பின்னது அடிமை முறை. அவர் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, நூலின் வகையையும் ஆசிரியரையும் வைத்து அடுக்கினார். கவிஞர் கவிஞராக அலமாரி ஏறினார். (மெல்வில் டூயி யார் என்பதையும் சொல்லிவிடணும். யூதருக்கும் கறுப்பருக்கும் இடமில்லாத லேக் பிளாசிட் கிளப்பை நடத்தியவர். அமெரிக்க நூலகச் சங்கம் தன் விருதிலிருந்து அவர் பெயரை எடுக்க 2019 ஆயிற்று.)

நம்மிடம் ரங்கநாதன் இருக்கிறார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர், 1931இல் ஐந்து விதிகள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர். பட்டறையிலும் சுவரில் மாட்டியிருந்தார்கள். அந்த விதியை வைத்தே கேட்கிறேன். பௌத்தம் படிக்க 294.3 வரிசையில் நடக்கிற மாணவன் கண்ணில் அயோத்திதாசர் எப்படிப் படுவார்? தமிழ்க் கவிதை வரிசையில் விரல் ஓட்டுகிறவள் நம் கவிஞனைத் தாண்டியல்ல, பார்க்காமலேயே போய்விடுவாள். எடுக்க ஆளில்லை என்று ஒருநாள் கழித்தும் கட்டுவார்கள். அந்தக் கணக்கை நாளைக்கு நம்மிடமே காட்டுவார்கள்.

ஏப்ரல் 14க்குக் கண்காட்சி வைத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அம்பேத்கர் தொகுதிகள், மேலே மாலை, பெட்டிக்குப் பூட்டு. "இதை எடுத்துட்டுப் போலாமா சார்?" என்று பையன் கேட்டான். "அது பார்வைக்குப்பா" என்றார் ஊழியர்.

நாங்கள் இரண்டு பேரும் அலமாரி அலமாரியாய்ப் போய்ப் பதினோரு நூல்களின் பட்டியல் எடுத்து, எண் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். இதுவரை நான்கு மாறியிருக்கின்றன. கவிதைத் தொகுதி 894.811க்குப் போய்விட்டது. அயோத்திதாசர் இன்னும் 305இல்தான்.