பதிமூன்று பேருக்கும் ஒரே சிரிப்பு

புகழ்பெற்ற ஓவியங்களைப் பொம்மைகளால் மறுபடி அமைத்துப் படமெடுப்பது இன்று பலருக்கும் பொழுதுபோக்கு. 2020 மார்ச்சில், ஊரடங்கின்போது, லாஸ் ஏஞ்சல்ஸின் கெட்டி மியூசியம் வீட்டுச் சாமான்களைக் கொண்டு ஓர் ஓவியத்தை அமைத்துக் காட்டும்படி எல்லோரையும் அழைத்தது. வந்தவற்றில் பெரும்பாலானவை சிரித்துவிட்டு மறந்துவிடக்கூடியவை. மூலம் இன்னதென்று கண்டுகொண்ட சந்தோஷத்தோடு அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. வேதாகமக் காட்சிகளில் மட்டும் வேறொன்று நேர்கிறது என்று எனக்குப் படுகிறது. செய்தவர்கள் அதை உத்தேசித்தார்களா என்பது முக்யமில்லை.

லெகோ மனிதனை எடுத்துக்கொள்வோம். 1978ல் வந்தவன். தோளும் மணிக்கட்டும் திரும்பும், முழங்கை கிடையாது. கை என்பது எதையாவது கவ்விக்கொள்ள ஒரு கொக்கி. மஞ்சள் முகத்தில் இரண்டு புள்ளிகள், ஒரு வளைகோடு. 1989 வரை எல்லோருக்கும் இதே சிரிப்புதான். லியொனார்டோவின் 'கடைசி இராப்போஜனம்' (1495-98) இவனைக்கொண்டு அமைக்கப்படும்போது, அந்த ஓவியம் எவற்றால் ஆனதோ அவற்றையெல்லாம் முதலில் கழற்றி வைத்துவிட வேண்டியிருக்கிறது. அங்கே பேசுபவை கைகள். தோமாவின் உயர்ந்த விரல், பேதுருவின் கத்தி, பணப்பையை இறுக்கும் யூதாஸின் முஷ்டி.

அக்கா மகனின் பெட்டியிலிருந்து பதிமூன்று பொம்மைகளைப் பொறுக்கி, பழைய சிரிப்புத் தலைகளாகவே தேடிப் பொருத்தி, ஒரு பலகையின் ஒரே பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். போலீஸ் தொப்பியையும் தீயணைப்புக்காரன் தொப்பியையும் கழற்றியதும் யார் யாரென்று தெரியவில்லை. நடுவில் நிற்பதால் ஒருவர் கிறிஸ்து. யூதாஸ் யார்?

லியொனார்டோவிடம் இந்தக் கேள்வி எழாது. அவருக்கு முந்திய ஃப்ளாரன்ஸ் ஓவியர்கள், காஸ்டாஞோவும் (1447) கிர்லாந்தாயோவும் (1480), யூதாஸை மேஜைக்கு நம் பக்கமாகத் தனியே உட்காரவைத்தார்கள். குற்றவாளிக் கூண்டு மாதிரி. லியொனார்டோ அவனை மற்றவர்களோடு சேர்த்துக்கொண்டார். ஆனால் முகத்தில் நிழலையும் கையில் பையையும் கொடுத்து, காட்டிக்கொடுக்கப் போகிறவனை நம்மிடம் காட்டிக்கொடுத்துவிட்டார்.

சுவிசேஷத்தில் அப்படியில்லை. மத்தேயுவில் சீஷர்கள் ஒவ்வொருவரும் தன்மேலேயே சந்தேகப்பட்டுக் கேட்கிறார்கள். யோவானில், செய்யப்போவதைச் சீக்கிரம் செய் என்று இயேசு யூதாஸிடம் சொல்லும்போதும் மற்றவர்களுக்கு விளங்கவில்லை. பண்டிகைக்கு எதையோ வாங்கவோ, தரித்திரருக்குக் கொடுக்கவோ சொல்கிறார் என்று சிலர் எண்ணுகிறார்கள். காரணம், பணப்பை அவனிடம்தான் இருக்கிறது. லியொனார்டோவில் அவனை அடையாளம் காட்டும் பை, யோவானில் அவனை மறைக்கிறது. எந்த முகமும் எதையும் சொல்லவில்லை என்பதில்தான் அந்த அறையின் பயங்கரம் இருக்கிறது. என் பலகையில் அது ஒரு கணம் இருந்தது.

ஈசாக்கின் பலியும் இப்படித்தான். காரவாஜியோ (சுமார் 1603) பையனின் தலையைப் பாறையில் அழுத்தி, பிளந்த வாயை நம் பக்கம் திருப்புகிறார். ஆதியாகமத்தில் அலறல் இல்லை. ஆட்டுக்குட்டி எங்கே என்று வழியில் ஒருமுறை கேட்கிறான்; கட்டிப்போட்ட பிறகு அவன் பேசவில்லை. இந்த மௌனத்தைத்தான் அவெர்பாக் 'மிமெஸிஸ்' (1946) நூலின் முதல் அத்தியாயத்தில் ஹோமருக்கு எதிரே நிறுத்தினார். ரெம்ப்ராண்ட் (1635) விஷயம் தெரிந்தவர். ஆபிரகாமின் உள்ளங்கை பையனின் முகத்தை மொத்தமாக மூடிவிடுகிறது. ஈசாக்கின் முகம் இவ்வளவு நன்றாக வேறெங்கும் வரையப்பட்டதில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. பொம்மையிடம் மூடுவதற்கு ஒன்றுமில்லை. மறுப்பதும் இல்லாமலிருப்பதும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். பார்க்கிறவனிடம் விளைவு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பிரெண்டன் பவல் ஸ்மித் 2001ல் 'பிரிக் டெஸ்டமென்ட்' என்று தொடங்கி வேதாகமக் கதைகளை லெகோவில் அமைத்தார். பழைய ஏற்பாடு 2011ல் புத்தகமாகவும் வந்தது. ஓவியங்களை விட்டுவிட்டு நேரே வசனத்துக்குப் போனவர். அசாத்திய உழைப்பு. ஞாயிறு பள்ளிகள் தாண்டிப்போகும் படுகொலைகளை அவர் தாண்டுவதில்லை. என் தகராறு வேறு. பின்னால் வந்த கோபமுகங்களையும் பீதிமுகங்களையும் எடுத்துப் பொருத்துகிறார். கத்தியெடுத்தவனுக்குப் புருவம் நெரிந்துவிட்டால் அவன் வில்லன், விஷயம் கார்ட்டூனாகிவிடுகிறது.

வெட்டுகிறவனுக்கும் விழுகிறவனுக்கும் அந்தப் பழைய சிரிப்பையே விட்டுவைத்த ஓர் எரிகோவை நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு பேரையும் ஒன்றாக்கிவிடுகிற அயோக்கியத்தனம் அது என்றார் ஒரு நண்பர். யோசுவா ஆறாம் அதிகாரத்தை அவர் மறுபடி படிக்கலாம். ஆண், பெண், வாலிபர், கிழவர், ஆடு, மாடு, கழுதை என்று வெட்டப்பட்டவற்றை ஒரு வரியில் அடுக்கிவிட்டு, சற்றுத்தள்ளி வெள்ளி, பொன், வெண்கல, இரும்புப் பாத்திரங்கள் பொக்கிஷத்தில் சேர்ந்ததையும் அதே குரலில் பதிந்துகொள்கிறது. தினமும் பேரேட்டில் வரவு எழுதுகிறவனுக்கு அந்தக் குரல் தெரியும்.