உடைந்த வளையல்களின் கூட்டம்

மொசைக் என்றால் நமக்குத் தரைதான் ஞாபகம் வரும். பழைய வீடுகளில் பாலிஷ் போட்டு வழவழவென்று இருக்குமே, அது. சண்டிகர் ராக் கார்டனில் அதே சங்கதி எழுந்து ஆளாக நிற்கிறது.

செய்தவர் நேக் சந்த். பிரிவினையில் ஊரை இழந்து வந்தவர். பொதுப்பணித்துறையில் சாலை ஆய்வாளர். பல கிராமங்களைக் காலி செய்துதான் லெ கொர்புசியேயின் புது நகரம் எழுந்தது. அங்கே கிடந்த உடைசல்களை 1957-லிருந்து பொறுக்கி, கட்டடம் கூடாதென்று ஒதுக்கிய காட்டுக்குள் ரகசியமாகச் சிற்பம் செய்தார். எழுபதுகளில் விஷயம் வெளியே வந்தது. இடிக்க வேண்டியதை 1976-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

பழைய சைக்கிள் கம்பிதான் எலும்பு. அதன்மேல் சிமெண்ட் கலவை. ஈரம் காயும் முன் வளையல் துண்டு, பீங்கான் சில்லு எல்லாம் பதிக்கப்படுகிறது. பெண் சிற்பங்களின் ஆடை முழுக்க உடைந்த கண்ணாடி வளையல். தூரத்திலிருந்து பார்த்தால் துணி மடிப்பு. கிட்டப் போனால் ஒவ்வொரு துண்டும் யாரோ ஒருத்தியின் கையில் கிடந்தது. எனக்கு இந்தக் கலையின் உச்சம் இதுதான். பொருள் புதிதாகிறது, ஆனால் பழசை மறக்கவில்லை.

குறையும் உண்டு. தனியாக எடுத்துப் பார்த்தால் பல முகங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. வரிசையாக நிற்கும்போதுதான் பலம். ஊரே திரும்பி வந்து நிற்கிற மாதிரி. பின்னாளில் கட்டிய, ஊஞ்சல் தொங்கும் பெரிய வளைவுகள் பக்கம் அந்த அழுத்தம் இல்லை. அங்கே ஓட்டுச்சில்லு வெறும் அலங்காரம்.

இதைச் 'சுற்றுச்சூழல் கலை' என்று சட்டென்று முத்திரை குத்துவதில் எனக்குத் தயக்கம். பாதுகாத்த காட்டுக்குள்தான் இது வளர்ந்தது. மூட்டை மூட்டையாகச் சிமெண்டும் தின்றிருக்கிறது. கழிவை ஒழித்த கணக்குப் போட்டால் தேறாது. ஒரு நகரம் எதையெல்லாம் உடைத்து எழுந்தது என்று அந்த நகரத்துக்குள்ளேயே நின்று காட்டுகிறது பாருங்கள், அங்கேதான் இது சூழல் பற்றிப் பேசுகிறது.

1990-ல் ஒரு பகுதியை இடிக்க புல்டோசர் வந்தபோது மக்கள் குறுக்கே நின்று தடுத்தார்கள். குப்பை என்று வீசியவர்களின் ஊரே அதற்குக் காவல் நின்றது. எந்த விமர்சகரும் தர முடியாத சான்றிதழ் அது.